வலது க்ளிக்கில் ஒரு வரி குறைகிறது

மதுமதி மறுபடியும் வலது க்ளிக் செய்தாள்.

மெனு விரிந்தது. ரிஃப்ரெஷ் இருந்தது. நியூ ஃபோல்டர் இருந்தது. டிஸ்ப்ளே செட்டிங்ஸ் இருந்தது. அவற்றோடு கூடவே இருக்க வேண்டிய ஒரு வரி மட்டும் இல்லை.

கிராபிக்ஸ் கார்டின் கண்ட்ரோல் பேனல்.

"இன்னொரு தடவை அமுக்கிப் பாரு மது," என்றான் சிவகுமார். டில்லி முனிர்காவில் ஒற்றை அறை, தேனி மாவட்டத்துப் பேச்சு, தோளில் கேமரா. மதுமதியின் தொழிலில் சரிபாதிப் பங்காளி.

"நீ லிஃப்ட் பட்டனைக்கூட இப்படித்தான் அமுக்குவே. அமுக்க அமுக்க வந்துடுமா?"

"லிஃப்ட் வந்துருக்குல்ல?"

அவள் நிமிர்ந்து மேடையைப் பார்த்தாள்.

கரோல் பாகில் குரானாவின் பேங்க்வெட் ஹால். கூரை தாழ்ந்தது, தூண்கள் பருத்தவை. பின் வரிசையில் உட்கார்ந்தால் தூணைத்தான் கல்யாணம் பண்ணிக்கொண்டு போக வேண்டும். அதனால்தான் மேடைக்கு மேலே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு எல்.இ.டி. திரை. நீளம் அதிகம், உயரம் குறைவு. ரிப்பன் மாதிரி.

அந்த ரிப்பனில் இப்போது மணப்பெண் ஜ்யோத்ஸ்னா சிரித்துக்கொண்டிருந்தாள். யாரோ அவளைப் பூரிக்கட்டையால் தேய்த்துவிட்ட மாதிரி. காதிலிருந்து காதுக்கு ஒரு பர்லாங்கு. நெற்றியைக் காணவே காணோம்.

திரையை ஓட்டும் பெட்டிக்குச் சொந்த புத்தி கிடையாது. கம்ப்யூட்டர் என்ன அளவில் படம் தருகிறதோ அதை இழுத்துப் பிடித்து ரிப்பனுக்குள் திணிக்கும். இந்த ரிப்பனுக்கான அளவு எந்தக் கம்ப்யூட்டரின் சாதாரண பட்டியலிலும் இருக்காது. கண்ட்ரோல் பேனலைத் திறந்து, 'கஸ்டம்' என்ற இடத்தில் நாமே அளவு கொடுக்க வேண்டும். இதே கம்ப்யூட்டரில் மதுமதி அதை நூறு தடவை செய்திருக்கிறாள்.

ஆனால் நேற்றுவரை இருந்தது பழைய ஓ.எஸ். அது கிழடுதட்டி அடிக்கடி உறைந்துபோனது. நேற்று மாலைதான் புதிதாக ஏற்றப்பட்டது.

"என்னடி கொழந்தே இது!"

விசாலாக்ஷி மாமி. மணப்பெண்ணின் அம்மா. மடிசார் சரசரக்க வந்து திரைக்குக் கீழே நின்றாள்.

"எம்பொண்ணை ஏன் இப்படி சப்பட்டையா ஆக்கி வெச்சிருக்கே? சம்பந்திகள்லாம் பாக்கறா."

"டெஸ்டிங் மாமி. சரி பண்ணிடுவேன்."

"எப்போ? காசியாத்திரைக்கு மாப்பிள்ளை செருப்பு மாட்டிண்டாச்சு. அது முடிஞ்சா மாலை மாத்தறது. அப்புறம் ஊஞ்சல். ஊஞ்சலுக்குப் பின்னாடி இருக்கறவாளுக்கெல்லாம் தெரியணும். அதுக்குத்தானே உன்னை வெச்சது?"

"தெரியும் மாமி."

"தெரியும்னா தெரியப் பண்ணு."

மாமி நகர்ந்த இடத்தில் குரானா நின்றுகொண்டிருந்தார். ஹால் முதலாளி. கழுத்தில் தங்கச் சங்கிலி, கையில் டீ கிளாஸ், முகத்தில் தூக்கம்.

அவருக்குக் காலைக் கல்யாணம் என்றாலே ஆச்சரியம். டில்லியில் எல்.இ.டி. ஆட்கள் அத்தனை பேரும் ராத்திரிப் பறவைகள். பராத் என்ற மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ஆடி முடித்துப் படுக்கும் நேரத்தில் தமிழர்கள் எழுந்து முகூர்த்தம் வைக்கிறார்கள். அதற்கு எவனும் வருவதில்லை. அந்த இடைவெளியில்தான் மதுமதி நுழைந்தாள். 'இந்த ஒரு கல்யாணம் ஒழுங்காகப் போனால் சீசன் முழுக்க இந்த ஹால் ஸ்க்ரீன் உன்னுது,' என்று குரானா வாக்குக் கொடுத்திருந்தார்.

வீட்டில் இன்னொரு வாக்கு. அது அவள் கொடுத்தது. 'இந்த சீசன் கைக்கு வரலேன்னா நீங்க சொன்ன கோச்சிங் கிளாஸ்ல சேர்ந்துடறேன்ப்பா. சர்க்கார் பரீட்சை எழுதறேன்.'

ஆக, மெனுவில் காணாமல் போன அந்த ஒரு வரியில் அவள் தொழிலே தொங்கிக்கொண்டிருந்தது.

"பேட்டா," என்றார் குரானா, "ப்ராப்ளம் க்யா?"

"சோட்டா ப்ராப்ளம் அங்கிள்."

"சோட்டா?" அவர் சப்பட்டை ஜ்யோத்ஸ்னாவை ஏற இறங்கப் பார்த்தார். போனை எடுத்தார். "ஹலோ பண்ட்டி? உட்டோ யார். மெஷின் லேக்கே ஆ ஜாவ்." எழுந்திரு, மெஷினோடு வா என்கிறார்.

மறுமுனையில் ஒரு கொட்டாவி இவர்கள் காதிலும் விழுந்தது. "இத்னி சுபஹ் கௌன் ஷாதி கர்த்தா ஹை, பாஜி?" இத்தனை காலையில் யார் கல்யாணம் பண்ணுகிறார்கள் என்கிறான்.

"மதராசி. ஜல்தி ஆ."

போன் வைக்கப்பட்டது.

பண்ட்டி. இந்த ஹாலின் ராத்திரிக் கல்யாணங்களுக்குத் திரை போடுகிறவன். தன் கம்ப்யூட்டரோடு டெம்போவில் வருகிறான். வந்து வயரை மாற்றிச் சொருகினால் போதும், படம் நேராகிவிடும். அதோடு சீசனும் அவன் பக்கம் நேராகிவிடும்.

"மது," சிவகுமார் குரலைத் தாழ்த்தினான். "நேத்து சாயங்காலம் பண்ட்டி வீட்டுப் பக்கம் எதுவும்..."

"லூசு மாதிரி பேசாதே. எங்க மோதி பாக் குவார்ட்டர்ஸுக்குள்ள வந்து, எங்கப்பா கண்ணு முன்னாடி, அவன் என் கம்ப்யூட்டரைத் தொட்டானா?"

"இல்ல, சினிமால அப்படித்தான் நடக்கும்."

"கார்டை ஓட்டற டிரைவர் சாஃப்ட்வேர் இருக்கான்னு முதல்ல பாப்போம்."

டிவைஸ் மேனேஜரைத் திறந்தாள். கிராபிக்ஸ் கார்டு தன் முழுப் பெயரோடு உட்கார்ந்திருந்தது. மஞ்சள் முக்கோணம் இல்லை, பிழை எதுவும் இல்லை. படமும் விக்காமல் ஓடுகிறது.

"டிரைவர் நல்லாத்தான் இருக்கு. அதை ஓட்டற ஸ்டியரிங்கைத்தான் காணோம்."

"அதெப்படி? ரெண்டும் ஒண்ணாத்தானே வரும்?"

"முன்னாடி ஒண்ணா வந்தது. இப்ப புது டிரைவர்லாம் தனியா வருது. நெட் கிடைச்சதும் ஓ.எஸ். தானாவே அதை இறக்கிக்கும். கண்ட்ரோல் பேனல் தனி ஆப். அதை ஸ்டோர்லேர்ந்து எடுக்கணும்."

சொன்னதும் அவளுக்கே முகம் தெளிந்தது. அவ்வளவுதானே! ஸ்டோர் என்று தட்டினாள்.

எதுவும் கிடைக்கவில்லை.

மறுபடி தட்டினாள். ஆப்ஸ் பட்டியலை மேலிருந்து கீழ் வரை உருட்டினாள். கால்குலேட்டர் இருந்தது. நோட்பேட் இருந்தது. ஸ்டோர் இல்லை. கேம்ஸ் இல்லை. பாட்டு கேட்க ஒன்றும் இல்லை.

கம்ப்யூட்டருக்குள் இருந்த கடையையே யாரோ பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள்.

மதுமதி யோசித்துப் பார்த்தாள். நேற்று மாலை முழுக்க இவள் இங்கே ஏணி மேல் நின்று திரைப் பலகைகளை மாட்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் மேஜை மேல் தன் சிவப்புப் பென் டிரைவை வைத்துவிட்டு வந்திருந்தாள். முழு ஓ.எஸ். அதில் இருந்தது. அப்பாவிடம் அதைச் சொருகி இன்ஸ்டால் பட்டனை அமுக்கச் சொல்லியிருந்தாள். அமுக்கிவிட்டேன், முடிந்தது, பச்சைக் கோடு வந்தது என்று அப்பாவும் போனில் சொன்னார்.

அப்படியானால் இது எங்கிருந்து வந்தது?

டாஸ்க்பாரின் வலது கோடியில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், ஒரு சின்ன எழுத்து அவள் கண்ணில் பட்டது. இந்தி எழுத்து. அதைத் தொட்டாள். இங்கிலீஷ், இந்தி, இரண்டு கீபோர்டுகள் விரிந்தன.

அவள் வாழ்நாளில் இந்திக் கீபோர்டு போட்டதில்லை. பண்ட்டி போட மாட்டான்; அவன் இந்தியைக்கூட இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிப்பான். கேட்காமலே, பிறந்த குழந்தைக்குக் காதுகுத்துகிற மாதிரி, ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் இந்திக் கீபோர்டு மாட்டிவிடும் இடம் டில்லியில் ஒன்றுதான்.

சர்க்கார் ஆபீஸ்.

"அப்பா!" என்றாள் மதுமதி.

ரத்தினவேல் ஒரு அமைச்சகத்தில் செக்ஷன் ஆபீசர். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து முப்பது வருஷமாக டில்லியில் சர்க்கார் உப்பைத் தின்பவர். வெளியில் விற்பது எல்லாமே போலி, ஆபீசில் தருவதுதான் அசல் என்பது அவர் மதம். வீட்டுச் சுவரில் ஆபீஸ் காலண்டர். சட்டைப் பையில் ஆபீஸ் பேனா. நாற்காலி முதுகில் போட ஆபீஸ் தரும் வெள்ளைத் துண்டுதான் வீட்டில் தலை துவட்ட.

ஞாயிற்றுக்கிழமை. முதல் மணியிலேயே எடுத்தார்.

"என்னம்மா, தாலி கட்டியாச்சா?"

"அப்பா, நேத்து எந்தப் பென் டிரைவைச் சொருகினீங்க?"

அப்பா ஒரு தடவை இருமினார். அந்த இருமலே போதுமாயிருந்தது.

"உன்னுது மேல எழுத்தே இல்லியேம்மா. எவன் கொடுத்தானோ, எந்த வைரஸோ. எங்க ஆபீஸ் கம்ப்யூட்டர் செல்லுல ஒண்ணு வெச்சிருப்பாங்க, தங்கமான சரக்கு. முன்னாடியே வீட்டுக்குக் கொண்டு வந்திருந்தேன், அதையே போட்டுட்டேன்."

"சொல்லவேயில்ல?"

"இதுல என்ன சொல்றதுக்கு? எங்க செக்ஷன்ல அதுதான் ஓடுது. தொங்கினதே கிடையாது."

"அப்பா, அதுல ஸ்டோரையே தூக்கிட்டாங்க!"

"பின்னே? ஆபீஸ்ல எவனாவது கடை திறப்பானா? கடையும் கிடையாது, கேம்ஸும் கிடையாது. அவனவன் ஃபைல் பார்ப்பான்."

"எனக்கு அந்தக் கடை வேணும்ப்பா. கடை இல்லாம கண்ட்ரோல் பேனல் வராது. கண்ட்ரோல் பேனல் இல்லாம படம் நேராகாது. படம் நேராகலேன்னா குரானா பண்ட்டியை உக்கார வெச்சுடுவார். அவன் கிளம்பிட்டான்."

போனில் நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம். சாய்ந்து உட்கார்ந்திருந்த செக்ஷன் ஆபீசர் எழுந்துவிட்டார்.

"இப்ப நான் என்ன செய்யணும்?"

மதுமதி கண்ணை மூடி யோசித்தாள். கடை இல்லாத ஊரில் கடைச் சரக்கைத் தேடுவது வீண். வேறு வழி உண்டு. பழைய மாதிரி டிரைவர். ஒரே பெட்டிக்குள் டிரைவரும் கண்ட்ரோல் பேனலும் சேர்ந்தே வரும், எந்தக் கடைக்கும் போக வேண்டாம். அதை அவள் பத்திரமாக வைத்திருந்தாள். எங்கே?

"அதே சிவப்புப் பென் டிரைவ். மேஜை மேல இருக்கா?"

"இருக்கு. இங்கேதான் இருக்கு. கையிலயே எடுத்துட்டேன்."

"எடுத்துட்டு வாங்கப்பா. கரோல் பாக். ஆட்டோ பிடிங்க. ஜல்தி."

"மீட்டர் போடுவானா..."

"அப்பா!"

"வந்துட்டேன், வந்துட்டேன்."

இங்கேயே இறக்கிவிடலாமா என்று குரானாவின் வைஃபையையும் கோர்த்துப் பார்த்தாள். மண்டபம் முழுக்க மாமாக்களும் அத்தைகளும் அமெரிக்காவுக்கு வீடியோ கால் போட்டுக்கொண்டிருந்ததில், டவுன்லோடு நத்தை மாதிரி ஊர்ந்தது. இந்த நத்தை முடியும்போது ஜ்யோத்ஸ்னாவுக்கு வளைகாப்பே வந்துவிடும். நிறுத்தினாள்.

ஆக, டில்லியின் இரண்டு மூலைகளிலிருந்து இரண்டு வண்டிகள் கரோல் பாகை நோக்கிக் கிளம்பிவிட்டன. ஒன்றில் பண்ட்டி. இன்னொன்றில் அப்பா.

"சிவா, வாசல்ல போய் நில்லு. எது முதல்ல வருதுன்னு சொல்லு."

சிவகுமார் ஓடினான். நாயனம் கிளம்பியது. காசியாத்திரை.

மாப்பிள்ளை பஞ்சகச்சம், கண்ணில் மை, கையில் தடி, தலைக்கு மேல் குடை என்று தெருவில் இறங்கினான். சம்சாரம் வேண்டாம், சன்னியாசியாகக் காசிக்கே போகிறேன் என்று அவன் கிளம்ப வேண்டும்; பெண்ணின் அப்பா துரத்திப் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவர வேண்டும். பின்னால் முழுக் கல்யாணக் கூட்டம். கரோல் பாகின் சந்து அதிலேயே நிரம்பிவிட்டது. கடைக்காரர்கள் ஷட்டரைப் பாதி தூக்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

சிவகுமாரின் போன் வந்தது.

"மது, கெட்ட செய்தி. டெம்போ வந்துருச்சு. சந்து முனையில நிக்குது."

"அப்பா?"

"காணோம். ஆனா நல்ல செய்தி ஒண்ணு. டெம்போவுக்கு முன்னாடி காசி நிக்குது."

"என்னது?"

"மாப்பிள்ளை நடு ரோட்டுல வர்றாரு. பண்ட்டி ஹாரன் அடிக்கிறான். நாயனத்துக்காரரு அதை மிஞ்சி வாசிக்கிறாரு. ஆனா இவங்க இப்பவே திரும்பிருவாங்க போலருக்கு."

மதுமதி போனைக் கீழே போட்டுவிட்டு விசாலாக்ஷி மாமியிடம் ஓடினாள்.

"மாமி, மாப்பிள்ளை இன்னும் கொஞ்சம் தூரம் நடக்கணும்."

"ஏண்டி?"

"இங்க காசின்னா, வாசப்படி தாண்டினதும் திரும்பிடுவாளா? வீடியோல பார்த்தா ஊர்ல என்ன சொல்லுவா?"

மாமி ஒரு கணம் யோசித்தாள். சம்பந்திகள் பக்கம் ஒரு பார்வை. பிறகு வாசலைப் பார்த்து ஒரே குரல் கொடுத்தாள்.

"ஏன்னா! மாப்பிள்ளை அந்த ஜிலேபிக் கடை வரைக்கும் போயிட்டு வரட்டும்!"

காசி ஜிலேபிக் கடை வரை நீண்டது. சந்து முழுக்க அடைபட்டது. பண்ட்டியின் டெம்போ அங்கே நின்றது நின்றதுதான். அவன் தலையை வெளியே நீட்டி, "அரே மாப்பிள்ளை, காசிக்கு மெட்ரோல போங்களேன்!" என்ற பொருள்பட இந்தியில் கத்தினான். மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்து மை கலைந்தது.

அப்போதுதான் கூட்டத்தின் மறுபக்கத்தில் ஓர் ஆட்டோ நின்றது. ஞாயிற்றுக்கிழமை லுங்கியை மாற்ற நேரமில்லாமல் மேலே ஆபீஸ் சட்டையைப் போட்டுக்கொண்ட ஒருவர் குதித்து இறங்கினார். ஒரு கை லுங்கியைப் பிடித்திருக்க, மறு கை தலைக்கு மேலே சிவப்பாக ஏதோ ஒன்றைத் தூக்கிப் பிடித்திருக்க, காசிக்குப் போகிற மாப்பிள்ளையின் குடைக்கு அடியிலேயே புகுந்து வெளியே வந்து ஓடினார்.

மூச்சிரைக்க ஹாலுக்குள் நுழைந்த அப்பாவின் கையிலிருந்து பென் டிரைவைப் பறித்தாள் மதுமதி.

"உக்காருங்க. எதையும் தொடாதீங்க."

"தொடலம்மா."

புது டிரைவரைக் கழற்றினாள். திரை ஒரு தடவை துடித்து, மொத்தமாகக் கறுத்தது. சப்பட்டை ஜ்யோத்ஸ்னாகூட இல்லை. குரானாவின் டீ கிளாஸ் பாதியில் நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மேஜையில் இருந்த சின்ன மானிட்டரும் கறுத்துப் பிறகு மங்கலாக உயிர் பெற்றது. பழைய டிரைவரை ஏற்றினாள். ரீஸ்டார்ட்.

வாசலில் நாயனம் திரும்பி வந்துகொண்டிருந்தது.

டெஸ்க்டாப் வந்தது. வலது க்ளிக்.

ரிஃப்ரெஷ். நியூ ஃபோல்டர். டிஸ்ப்ளே செட்டிங்ஸ்.

அந்த வரி இல்லை.

"என்னம்மா?" என்றார் ரத்தினவேல். அந்தக் குரலில் முப்பது வருஷ சர்வீஸ் முழுதும் வற்றிப்போயிருந்தது.

மேடையில் மாலை மாற்றல் ஆரம்பித்துவிட்டது. மாமன்மார்கள் பெண்ணையும் பிள்ளையையும் தோளில் தூக்கினார்கள். முன் வரிசை கைதட்டியது. பின் வரிசை தூணைச் சுற்றி எட்டிப் பார்த்தது. "ஒண்ணும் தெரியல்லே, அந்த ஸ்க்ரீனைப் போடச் சொல்லுங்கோ!" யாரோ கத்தினார்கள். வாசலில் பண்ட்டி. இடுப்பில் ஒரு கம்ப்யூட்டரை அணைத்தபடி, தலை கலைந்து.

"மேடம், ஹட்டோ. மே லகா தேத்தா ஹூம்." நகரு, நான் மாட்டுகிறேன் என்கிறான்.

மதுமதி நகரவில்லை. டிரைவரின் பதிப்பு எண்ணைப் பார்த்தாள். அவள் ஏற்றியது பழையது. அங்கே இருந்தது புதியது.

அவள் போட்டதைத் தள்ளிவிட்டு, புதியவன் தானாகவே வந்து உட்கார்ந்துவிட்டான். எப்படி? எந்த வழியாக?

பார்வை கீழே போனது. வைஃபை. குரானாவின் வைஃபை இன்னும் கோர்த்தபடியே இருந்தது. பெரிய பெட்டியை நத்தையாகத் தருகிற அதே நெட், ஏற்கெனவே இறக்கி வைத்திருந்த புது டிரைவரை மறுபடி உட்கார வைக்க ஓ.எஸ்.ஸுக்கு ஒரு சாக்கு கொடுத்துவிட்டது.

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் வீட்டைப் பெருக்கியிருக்கிறாள்!

"அங்கிள்," என்றாள் குரானாவிடம், கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். "ஊஞ்சல் தக். ப்ளீஸ்." ஊஞ்சல் வரைக்கும் பொறுங்கள் என்கிறாள்.

குரானா பண்ட்டியைப் பார்த்தார். இவளைப் பார்த்தார். பிறகு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்த, லுங்கி கட்டிய அந்த மனிதரைப் பார்த்தார். விரலைத் தூக்கிப் பண்ட்டியை நிறுத்தினார்.

"ஊஞ்சல் தக்."

வைஃபையை அறுத்தாள். டிரைவரைக் கழற்றினாள். இந்தத் தடவை 'டிரைவர் கோப்புகளையும் சேர்த்து நீக்கு' என்ற கட்டத்தில் டிக் போட்டாள்; பதுங்கியிருந்தவன் வேரோடு போனான். பழையதை ஏற்றினாள். பச்சைக் கோடு ஊர்ந்தது. மேடையில் ஊஞ்சல் பலகையைக் கொண்டுவந்து மாட்டினார்கள். பச்சைக் கோடு ஊர்ந்தது. பெண்ணும் பிள்ளையும் உட்கார்ந்தார்கள். மாமிகள் தொண்டையைச் செருமினார்கள். ரீஸ்டார்ட்.

வலது க்ளிக்.

ரிஃப்ரெஷ். நியூ ஃபோல்டர். அதோடு, தலைக்கு மேலே, தன் குட்டிச் சின்னத்தோடு, எங்கேயும் போகாதவன் மாதிரி உட்கார்ந்திருந்தது அந்த வரி.

"வந்துருச்சு!" என்று சிவகுமார் கூவியதில், நாயனக்காரர் ஒரு கணம் ஸ்வரம் தப்பினார்.

அவள் விரல்கள் பறந்தன. கஸ்டம். அகலம். உயரம். டெஸ்ட். ஓகே.

திரை கண்ணை மூடித் திறந்தது.

மேடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஊஞ்சல் ஆடியது. இரண்டு பக்கச் சங்கிலியும், நடுவில் பெண்ணும் பிள்ளையும், சுற்றிப் பால் பழத்தோடு மாமிகளும், திருஷ்டிக்காகப் பச்சைப்பிடிச் சாத உருண்டை சுற்றி எறிகிற கைகளும், எல்லாம் அதனதன் அளவில். ஜ்யோத்ஸ்னாவுக்கு நெற்றி வந்திருந்தது. நெற்றிச்சுட்டியும் வந்திருந்தது. தூணுக்குப் பின்னால் இருந்தவர்கள் எழுந்து நின்றே கைதட்டினார்கள். ஊஞ்சலில் இருந்த பெண் நிமிர்ந்து, "ஓ காட், இப்ப நான் நானா இருக்கேன்!" என்று சொன்னது மைக்கில் விழுந்து, ஹாலே சிரித்தது.

விசாலாக்ஷி மாமி பாட்டை நிறுத்தாமலே தூரத்திலிருந்து மதுமதிக்கு நெட்டி முறித்தாள்.

பண்ட்டி கம்ப்யூட்டரை இடுப்பிலிருந்து கீழே இறக்கினான். திரையை நன்றாகப் பார்த்தான். கள்ளமில்லாத ஆள்தான், தூக்கம்தான் அவனுக்கு எதிரி.

"சாஃப் ஹை," என்றான், படம் சுத்தம் என்ற அர்த்தத்தில். பிறகு தயங்கி, "என் கடையில ஒரு மெஷின், அதுலயும் அந்த பேனல் காணோம். ரெண்டு மாசமா. ஒரு நாள் வந்து பாப்பியா?" என்று இந்தியில் கேட்டான்.

"பாக்கலாம். காலைல கூப்பிடு," என்றாள் மதுமதி.

"காலைலயா?" என்று அவன் நடுங்கினான்.

குரானா டீயைக் குடித்து முடித்தார். "சீசன் தேரா, உன்னுதுதான் பேட்டா. அடுத்த ஞாயிறு இன்னொரு மதராசி ஷாதி. அதுக்கு அடுத்த ஞாயிறு ரெண்டு." பிறகு ரத்தினவேலின் பக்கம் திரும்பி, யாரென்று விசாரித்தார். "ஆப் கௌன், அங்கிள்?"

ஒரு அமைச்சகத்தின் செக்ஷன் ஆபீசர் எழுந்து நின்றார். லுங்கியை இறுக்கிக் கட்டினார். திரையை ஒருமுறை, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, பார்த்தார்.

"இஸ்கா ஸ்டாஃப்," என்றார், மதுமதியைக் காட்டி. இவளோட ஸ்டாஃப்.

குரானா தலையாட்டிவிட்டுப் போனார். மதுமதி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கோச்சிங் கிளாஸுக்கு என்ன சொல்றது?" என்றாள்.

"அந்தக் கிளாஸ்காரன்கிட்ட நான் பேசிக்கிறேன். நீ அடுத்த ஞாயித்துக்கிழமையைப் பாரு." சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே, "நானும் ஃப்ரீதான்," என்றார்.

"வரலாம். ஒரே ஒரு கண்டிஷன்."

"சொல்லு."

"ஆபீஸ் சாமான் எதையும் கொண்டு வரக் கூடாது."

ரத்தினவேல் சட்டைப் பையிலிருந்து ஆபீஸ் பேனாவை எடுத்து ஒரு கணம் பார்த்தார். பிறகு பந்தி எந்தப் பக்கம் என்று சிவகுமாரைக் கேட்டுக்கொண்டு நடந்தார்.